தளையும் விடுதலையும்: கைவிலங்கு வரலாற்றில் காரணம் காட்டும் கடமை

முன்னுரை

கைவிலங்கு பூட்டப்பட்ட ஒருவர் அதிலிருந்து எவ்வாறு விடுபடுகிறார் என்னும் வினா, பெரும்பாலும் மாயவித்தை மேடையோடு தொடர்புபடுத்தியே எண்ணப்படுகிறது. பூட்டிய விலங்கை அவையோர் காணக் கழற்றிக் காட்டும் கலைஞர் வியப்புக்கு உரியவராகிறார். ஆயினும் விலங்கிலிருந்து விடுபடுதல், மேடைக்கு வெளியேயும் நீண்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றில் புலவர், அடியார், அரசர், தொழிலாளர், அரசியல் கைதி, நீதிபதி எனப் பலரும் இடம்பெறுகின்றனர்.

இவ்விடுதலைகளை ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. விடுபடுவதற்குத் தகுதியுடையவர் என்பதைக் கட்டுண்டவர் மெய்ப்பிக்க வேண்டுமா, கட்டுவதற்கு உரிய காரணத்தைக் கட்டுபவர் காட்ட வேண்டுமா என்பதே அவ்வினா. விலங்கின் வரலாறு, இக்கடமை ஒரு தரப்பிலிருந்து மற்றொரு தரப்புக்கு மாறிய வரலாறு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் வழங்கும் கேரள எல்லைப் பகுதிகளான பாலக்காடும் இடுக்கியும் இம்மாற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையன. ஆதலின் அப்பகுதிச் சான்றுகளுக்கு இங்குச் சிறப்பிடம் தரப்படுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் பிணிக்கும் கருவியைக் குறிக்கத் தளை, தொடர், விலங்கு, சங்கிலி, நிகளம் முதலிய சொற்கள் வழங்கிவந்துள்ளன. இவற்றுள் விலங்கு என்னும் சொல் குறுக்காக அமைதல் என்னும் அடிப்படைப் பொருளை உடையது. குறுக்கே கிடக்கும் மலை விலங்கல் எனப்பட்டது. கைகால்களுக்குக் குறுக்கே இடப்படும் இரும்பும், குறுக்காக உடல் நீண்டு நடக்கும் உயிரினமும் விலங்கு என்னும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டன.

தொழு என்னும் சொல்லும் இவ்வாறே கருதத்தக்கது. மாடு கட்டும் இடத்தைக் குறிக்கும் அச்சொல், குற்றவாளியின் கால்களை மாட்டிவைக்கும் துளையிட்ட மரத்தையும் குறித்தது. தொழுமரம் என்னும் வழக்கும் உண்டு. தளை என்பது யாப்பில் சீர்களைப் பிணிப்பது. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் பாசத்திற்கும் அது பெயராகும். உயிரைப் பசு என்றும், அதனைக் கட்டும் கயிற்றைப் பாசம் என்றும் உருவகித்த மரபு, கட்டப்பட்ட மாட்டின் காட்சியிலிருந்தே தன் கலைச்சொற்களைப் பெற்றது.

மூணாற்றை அடுத்த மலைப்பகுதியில் அமைந்த மாட்டுப்பட்டி என்னும் ஊர்ப்பெயரும், மாடு அடைக்கும் இடம் என்னும் பொருள் தருவதாகும். மனிதரைக் கட்டும் கருவிகளுக்கான சொற்களில் பல மாட்டுத்தொழுவத்தோடு உறவுடையன என்பது இச்சொல்லாராய்ச்சியால் புலனாகிறது. கட்டப்பட்டவர் மனித நிலையிலிருந்து தாழ்த்தப்படுகிறார் என்னும் உணர்வு, சொல்லளவிலேயே தமிழில் பதிந்துள்ளது. 1980இல் இந்திய உச்சநீதிமன்றம் கைவிலங்கை ஆராய்ந்தபோது முதன்மையாகக் கருதியதும் மனித மாண்பு என்னும் இக்கூறே என்பது பின்னர் விளக்கப்படும்.

பாட்டும் அருளும்

பிணிப்புண்ட நிலையைக் கூறும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் புறநானூற்றின் 74ஆம் பாடல் தலையாயது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுப் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தான். தண்ணீர் கேட்டு உடனே பெறாது, பின்னர்ப் பெற்றும் பருகாமல் பாடி உயிர்நீத்தான் என அப்பாடலின் அடிக்குறிப்புக் கூறுகிறது. சங்கிலியால் கட்டப்பட்ட நாயின் நிலையோடு தன் நிலையை அவன் ஒப்பிட்டுக்கொள்கிறான்.

இதே நிகழ்ச்சிக்கு வேறொரு முடிவும் வழங்குகிறது. பொய்கையார் களவழி நாற்பது பாடிச் சோழனை மகிழ்வித்துச் சேரனை விடுவித்தார் என்பது அது. கலிங்கத்துப்பரணி, சோழர் மரபைக் கூறுமிடத்து, சேரனின் காலில் இருந்த தளை வெட்டப்பட்டு அவனுக்கு அரசும் அளிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. அறிஞர்கள் இம்முரணைப் பலவாறு விளக்க முயன்றுள்ளனர். இவ்விரண்டிலும் உள்ள ஒற்றுமை நம் ஆய்வுக்கு வேண்டுவதாகும். முதற் செய்தியில் சேரன் தன் மானத்தால் சிறையைக் கடக்கிறான். இரண்டாம் செய்தியில் தன் பொருட்டுப் பாடும் புலவர் ஒருவரைப் பெற்றமையால் விடுபடுகிறான். இரண்டிலும் சோழன் தான் கட்டியதற்குக் காரணம் கூற வேண்டிய நிலையில் இல்லை.

பக்தி இலக்கியத்தில் இதே அமைப்பு வேறு வடிவம் பெறுகிறது. திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தபோது, அவர் நமசிவாயப் பதிகம் பாடினார். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் அவரைக் கரைசேர்த்தது எனப் பெரியபுராணம் கூறுகிறது. கட்டை நீக்கியது திருவருள். அதனை வருவித்தது அடியாரின் பத்திமை. அரசனாயினும் அடியாராயினும், விடுதலை கட்டுண்டவரின் சிறப்பைச் சான்றாகக் கொண்டே நிகழ்கிறது. அக்குடவாயிற் கோட்டத்தில் சேரனோடு சிறைப்பட்ட ஏனையோர் யார், அவர்கள் என்னவாயினர் என்பதைப் பாடல்கள் பேசவில்லை.

முறையால் நீங்கிய தளை

இதற்கு மாறான ஒரு போக்கும் தமிழ்க் காப்பியங்களில் உண்டு. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் வார்த்திகன் கதை இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. வார்த்திகனின் மகன் அணிகலன் பெற்றதைக் கண்டு ஐயுற்ற அரசு ஊழியர், புதையல் கவர்ந்ததாகக் குற்றம் சுமத்தி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிலின் கதவு திறவாதாயிற்று. அரசன் வினவி உண்மை உணர்ந்தான். வார்த்திகனை விடுவித்துப் பொறுத்தருள வேண்டினான். திருத்தங்கால், வயலூர் என்னும் ஊர்களை அளித்தான்.

கதை இத்துடன் முடியவில்லை. சிறைக்கோட்டங்களைத் திறந்துவிடவும், இறை செலுத்தாதோரின் கடனை நீக்கவும், புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது எனவும் அரசன் ஆணையிட்டான். ஒருவனுக்கு இழைத்த பிழை, யாவர்க்கும் பொருந்தும் விதி மாற்றத்திற்கு வழிவகுத்தது. வார்த்திகன் பாடவில்லை, அற்புதச் செயல் எதனையும் தானாக நிகழ்த்தவுமில்லை. குற்றம் கட்டியவர் பக்கம் இருந்ததை அரசு ஒப்புக்கொண்டமையே அவன் விடுதலைக்குக் காரணமாயிற்று. இத்தகைய நெடுஞ்செழியனே கோவலனை ஆராயாது கொல்வித்தான் என்பது காப்பியத்தின் துயரத்தை ஆழப்படுத்துகிறது.

மணிமேகலையின் 19ஆம் காதை மேலும் ஒரு படி செல்கிறது. சிறைக்கோட்டத்தில் பசித்திருந்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, அச்சிறையையே அறக்கோட்டம் ஆக்குமாறு சோழ மன்னனிடம் வேண்டிப் பெறுகிறாள். அங்கிருந்த கைதிகளின் குலமோ சிறப்போ குற்றமோ அவளது வேண்டுகோளில் இடம்பெறவில்லை. கட்டுண்டவர் தம் தகுதியை மெய்ப்பிக்காமலே விடுபடும் நிலை, தமிழ்க் கற்பனையில் இவ்வாறு முன்னரே தோன்றியுள்ளது எனலாம்.

வித்தையால் நீங்கும் விலங்கு

நவீன காலத்தில் கைவிலங்கிலிருந்து விடுபடுவதைத் தனிக்கலையாக வளர்த்தவர் ஹாரி ஹூடினி. எரிக் வைஸ் என்னும் இயற்பெயருடைய இவர் 1874இல் புடாபெஸ்ட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தார், 1926இல் மறைந்தார். அவர் காலத்துக் கைவிலங்குகளின் அமைப்பை அறிந்தால் அவரது கலையின் அடிப்படை விளங்கும். பழைய ஆங்கிலேயக் கைவிலங்குகள் அளவு மாற்ற இயலாத இரும்பு வளையங்கள். திருகுச் சாவியால் பூட்டப்பட்டவை. 1862இல் அமெரிக்கரான ஆடம்ஸ், அளவு மாற்றக்கூடிய விலங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வளைவில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே வில்லால் அழுத்தப்படும் நாக்கு ஒன்று, வளைவை முன்னோக்கி நகரவிட்டுப் பின்னோக்கி நகராமல் தடுக்கும். இன்றைய கைவிலங்குகளும் இந்நெறியிலேயே இயங்குகின்றன.

விடுபடும் வழிகள் இவ்வமைப்பின் குறைகளைப் பயன்படுத்துவன. ஒரே வகை விலங்குகளுக்கு ஒரே சாவி பொருந்தும்; ஆதலின் மறைத்துவைத்த ஒரு சாவி பல விலங்குகளைத் திறக்கும். மெல்லிய தகட்டைப் பற்களுக்கும் நாக்குக்கும் இடையே செலுத்தினால் நாக்கு விலகும். இதனைத் தடுக்கவே நாக்கை அசையாமல் நிறுத்தும் இரட்டைப் பூட்டு பின்னர் அமைக்கப்பட்டது. பழைய விலங்குகளுட் சில, உரிய இடத்தில் தட்டினாலே திறந்துகொள்ளும். ஹூடினி இச்செய்திகள் பலவற்றைக் கைவிலங்கு மறைபொருள்கள் பற்றிய நூலாக 1910இல் தாமே வெளியிட்டார். எந்தக் காவலரும் எந்த விலங்கையும் திறக்க வேண்டும் என்னும் நிருவாக வசதியே விலங்கின் வலுவைக் குறைத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஹூடினியின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் நம் பொருளுக்கு ஏற்றவை. ஜெர்மானியக் காவல் அலுவலர் ஒருவர் அவரை ஏமாற்றுக்காரர் என்று குற்றஞ்சாட்டியதால், ஹூடினி வழக்குத் தொடுத்தார். 1902இல் கொலோன் நகர நீதிமன்றத்தில் தம் திறனை நடுவர் முன் செய்துகாட்டி அவ்வழக்கில் வென்றார். அடுத்து, 1904 மார்ச்சில் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், பர்மிங்ஹாம் கொல்லர் ஒருவர் ஐந்தாண்டுகள் உழைத்துச் செய்ததாகக் கூறப்பட்ட விலங்கிலிருந்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் போராடி விடுபட்டார். இரண்டிலும் மெய்ப்பிக்கும் சுமை கட்டுண்டவர் மீதே இருந்தது. சேரன் பாட்டால் காட்டியதை ஹூடினி கைத்திறனால் காட்டினார் எனலாம்.

இந்தியாவிலும் இக்கலை வேரூன்றியது. வங்கத்தில் கணபதி சக்கரவர்த்தியும் அவர் வழிவந்த பி.சி. சர்க்காரும் புகழ்பெற்றனர். கேரளத்தில் கோபிநாத் முதுகாடு ஹூடினி மரபிலான தப்பித்தல் வித்தைகளை நிகழ்த்திக் காட்டியவர். இவ்வித்தையின் எல்லையை 2019 ஜூன் மாத நிகழ்வு உணர்த்தியது. மாண்ட்ரேக் என்னும் மேடைப்பெயர் கொண்ட சஞ்சல் லாஹிரி, சங்கிலியாலும் கயிற்றாலும் பிணிக்கப்பட்டுக் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் இறக்கப்பட்டார், மீண்டு வரவில்லை. தாமே ஏற்றுக்கொண்ட கட்டிலிருந்தும் திறன்மிக்க ஒருவர் விடுபட முடியாமற் போகலாம் எனின், பயிற்சியும் சாவியும் இல்லாத எளியோர் நிலை தனியே கூற வேண்டுவதில்லை.

கம்பெனி ஆட்சியும் மலைத்தோட்டமும்

அவ்வெளியோர் ஆங்கிலேயர் ஆட்சியில் எவ்வாறு கட்டுண்டனர் என்பதற்கு, 1855ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை ஆவணமாக உள்ளது. வரி தண்டுவதற்காகக் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியிட்டு நெருக்கியதும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணித்துக் குனியவைத்ததும் அதில் பதிவாகியுள்ளன. துன்புற்றோர் நீதி பெறுவதில் இருந்த அரிய இடர்ப்பாடுகளையும் அக்குழு எடுத்துரைத்தது. அடிபட்டவரே தாம் அடிபட்டதை மெய்ப்பிக்க வேண்டியிருந்த நிலையை இங்குக் காண்கிறோம்.

1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் வேறொரு தளையை உருவாக்கியது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ நடுவர் ஆணையிடலாம். அதற்கு உடன்படாவிடில் மூன்று மாதம் வரை சிறையிடலாம். ஒரு கடன் வழக்கு இதனால் சிறைத்தண்டனைக்கு உரியதாயிற்று. சென்னை மாகாண மலைத்தோட்டங்களில் இச்சட்டம் முதலாளிகளின் கருவியாயிற்று.

திருவிதாங்கூர் அரசுக்குட்பட்ட மூணாற்று மலைகள், பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ பெற்ற உரிமையைத் தொடர்ந்து தோட்டங்களாக மாறின. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் குறுகிய இரயில் பாதையாகி, 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகப் போடியை அடுத்த கொட்டகுடிக்குத் தேயிலை இறங்கியது.

இம்மலைகளில் உழைத்தவர்களுள் மிகுதியானோர் தமிழர். கங்காணியிடம் பெற்ற முன்பணமே அவர்களை மலையோடு பிணித்தது. அவர்களின் கையில் இரும்பு பூட்டப்படவில்லை. கணக்கேட்டில் இருந்த கடன் அவ்வேலையைச் செய்தது. அக்கணக்கை எழுதியவரும் வைத்திருந்தவரும் கடன் கொடுத்தவரே. கடன் தீர்ந்தது என்று மெய்ப்பிப்பது எழுத்தறியாத தொழிலாளிக்கு எத்துணை அரிது என்பது எளிதில் உணரத்தக்கது.

இந்நிலைக்குச் சட்டம் அளித்த மறுமொழி, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் உள்ளது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அது அத்தகைய கடன் அன்று என மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவரைச் சாரும் என்கிறது அப்பிரிவு. மெய்ப்பிக்கும் சுமை கட்டுண்டவரிடமிருந்து கட்டியவருக்கு மாற்றப்பட்ட தெளிவான சட்டச்சான்று இதுவாகும். இரும்பு விலங்கைப் பொறுத்தும் இம்மாற்றம் அதே காலப்பகுதியில் நிகழ்ந்தது.

சிறைச்சுவரும் நீதிமன்றமும்

அம்மாற்றத்தின் முன்வரலாற்றில் ஏ.கே. கோபாலன் குறிப்பிடத்தக்கவர். பொதுவுடைமை இயக்கத் தலைவரான இவர் 1961இல் இடுக்கிப் பகுதியின் அமராவதியில், வெளியேற்றப்பட்ட குடியேற்ற உழவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தவர். 1971இல் பாலக்காட்டுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, தோழர்களுடன் சுவரில் துளையிட்டுத் தப்பித் தலைமறைவாக வாழ்ந்தார். இது கைத்திறனும் துணிவும் சார்ந்த விடுதலை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் அவர் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். இம்முறை நீதிமன்றத்தை நாடினார். 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், எம்.கே. நம்பியார் அவருக்காக வாதிட்டார். அவ்வாண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதைத் தடுத்த 14ஆம் பிரிவு மட்டும் செல்லாததாயிற்று. சட்டத்தின் ஏனைய பகுதிகள் நிலைபெற்றன. முறையாக இயற்றப்பட்ட சட்டம் இருப்பின் அதுவே போதும்; அச்சட்டம் நியாயமானதா என ஆராய வேண்டுவதில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்தாகும். நீதிபதி பசல் அலி மட்டும் வேறுபட்டார். இந்நிலை மாற ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கில், ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்பது நிறுவப்பட்டது.

1978, 1980ஆம் ஆண்டுத் தீர்ப்புகள்

இப்புதிய நெறியை விலங்குக்குப் பொருத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் தமிழ் வழங்கும் குடும்பத்தில் பிறந்த இவர், தலச்சேரியில் வழக்குரைஞராக இருந்தார். 1948இல் பொதுவுடைமையருக்குச் சட்ட உதவி அளித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகளை ஏற்றார். 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றி, 2014இல் மறைந்தார். கைதி, சிறை அமைச்சர், நீதிபதி என்னும் மூன்று நிலைகளிலும் சிறையை அறிந்தவர் அவர்.

1978 ஆகஸ்டில் தீர்க்கப்பட்ட சுனில் பத்ரா வழக்கில், சார்லஸ் சோப்ராஜ் என்னும் வெளிநாட்டுக் கைதியின் முறையீடும் அடங்கியிருந்தது. இரும்புக் கம்பியால் இணைத்த கால்விலங்கை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இடையறாது தம் கால்களில் பூட்டியிருந்தனர் என்பது அவரது குறை. பாதுகாப்புக்காக விலங்கிட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இடமளித்தாலும், தக்க காரணமின்றி, கைதியின் தரப்பைக் கேளாமல், காலவரையின்றி விலங்கிடுதல் ஏற்கத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1980 ஏப்ரல் 29ஆம் நாள் வெளியான பிரேம் சங்கர் சுக்லா வழக்குத் தீர்ப்பு கைவிலங்கையே நேரடியாக ஆராய்ந்தது. திகார்ச் சிறையில் இருந்த விசாரணைக் கைதியான சுக்லா, நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லும்போது தமக்குக் கைவிலங்கு பூட்டப்படுவதை எதிர்த்து உச்சநீதிமன்ற நீதிபதிக்குத் தந்தி அனுப்பினார். அத்தந்தியே மனுவாக ஏற்கப்பட்டது. அந்நாளில் பின்பற்றப்பட்ட பஞ்சாப் காவல் விதிகள் கைதிகளை இரு வகுப்பாகப் பிரித்திருந்தன. சமூகத் தகுதி, கல்வி, வாழ்க்கை முறை ஆகியவற்றால் உயர்ந்தவர் எனக் கருதப்பட்டவர்க்கு விலங்கு இல்லை. ஏனையோருள் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய, பிணையில் விட இயலாத குற்றம் சாட்டப்பட்டவர்க்கு வழக்கமாகவே விலங்கு பூட்டப்பட்டது.

நீதிமன்றம் இவ்விரு பாகுபாடுகளையும் விலக்கியது. செல்வர் தப்பியோட மாட்டார், வறியவர் ஓடிவிடுவார் என்பதற்கு அடிப்படை ஏதுமில்லை; குற்றத்தின் கடுமை மட்டுமே ஓடும் எண்ணத்திற்குச் சான்றாகாது. வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே விலங்கு பூட்டலாம். அதற்கான காரணத்தை அவ்வப்போது எழுதிவைக்க வேண்டும். அதனை நீதிமன்ற நடுவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என வரையறுக்கப்பட்டது. 1995இல், குவஹாத்தி மருத்துவமனையில் தடுப்புச் சட்டக் கைதிகள் கட்டிலோடு விலங்கிடப்பட்டதைக் குல்தீப் நய்யார் கடிதம் வழித் தெரிவித்தபோது, நடுவரின் முன் அனுமதியின்றி விலங்கிடலாகாது என்பதை உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் மீண்டும் வலியுறுத்தியது.

சேரனுக்குப் பொய்கையார் வாய்த்தார்; சுக்லாவுக்கு ஒரு தந்தி போதியதாயிற்று. அவர் எத்தகையவர், விடுபடும் தகுதி உடையவரா என்பது வினாவாகவே எழவில்லை. வார்த்திகன் கதையிற் போலவே, ஒருவரின் முறையீடு யாவர்க்கும் உரிய விதியாயிற்று.

காவலர் தரப்பு

எதிர்த்தரப்பின் கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. கைதி தப்பினால், உடன்சென்ற காவலர் பணியிடை நீக்கத்திற்கு உள்ளாவார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு, கவனக்குறைவால் கைதியைத் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆள் பற்றாக்குறையும் கூட்ட நெரிசலும் உள்ள பேருந்தில் கைதியை அழைத்துச் செல்லும் காவலருக்கு விலங்கே துணை. கைதி ஓடிவிடுவார் என்னும் அச்சமும் பொய்யன்று. கால்விலங்கை எதிர்த்து வழக்காடிய சோப்ராஜே, 1986 மார்ச்சில் திகார்ச் சிறைக் காவலர்க்கு மயக்க மருந்து கலந்த இனிப்பு வழங்கித் தப்பினார். அடுத்த மாதமே கோவாவில் பிடிபட்டார்.

எனினும் அந்நிகழ்ச்சி விலங்குக்கு ஆதரவான சான்றாகாது. அவர் தப்பியது பூட்டின் குறையால் அன்று, காவலின் சீர்கேட்டால். பூட்டுக்குக் குறை உண்டு என்பதை ஹூடினியின் வரலாறு முன்னரே காட்டிற்று. உடன்செல்லும் காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுதல், பயிற்சி அளித்தல், தனி ஊர்தி அமைத்தல் ஆகியவற்றால் காவலை உறுதிப்படுத்தலாம். இவற்றுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தக் கைதியின் மாண்பை விலையாகக் கொடுத்தல் முறையன்று என்பதே 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உட்கருத்தாகும்.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தலாகாது என்னும் பழைய விதி, அதன் 46ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆயினும் 43ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு புதியது. மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர், முன்னர்க் காவலிலிருந்து தப்பியவர் ஆகியோரையும், கொலை, வன்புணர்ச்சி, பயங்கரவாதம், போதைப்பொருள், ஆட்கடத்தல், அரசுக்கு எதிரான குற்றம் முதலியவற்றைச் செய்தவரையும், கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்போதும் காவல் அலுவலர் கைவிலங்கைப் பயன்படுத்தலாம் என அது கூறுகிறது.

முன்னர்த் தப்பியவர் என்னும் வகை, அவரவர் நடத்தையைச் சார்ந்தது. 1980ஆம் ஆண்டு நெறியோடு பொருந்துவது. குற்றப்பெயர்களின் பட்டியல் அத்தகையதன்று. குற்றத்தின் தன்மையை மட்டும் கொண்டு விலங்கிடும் பழைய விதியை அது நினைவூட்டுகிறது. இப்பிரிவு கட்டாயம் என்னாமல் பயன்படுத்தலாம் என்றே கூறுவதால், காரணம் எழுதி ஒப்புதல் பெறும் முறையை அதனோடு இணைத்துப் பொருள்கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளாவிடின், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர், தாம் ஓடமாட்டார் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய பழைய நிலை மீளும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. விலங்கு, தொழு முதலிய தமிழ்ச்சொற்கள், கட்டுண்டவர் மாண்பிழக்கும் நிலையைத் தம்முள் கொண்டுள்ளன. புறநானூறு, களவழி பற்றிய மரபு, பெரியபுராணம் ஆகியவற்றில் விடுதலை கட்டுண்டவரின் சிறப்பால் நிகழ்கிறது; ஹூடினி மரபும் இவ்வகையைச் சார்ந்ததே. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கட்டுபவரை நோக்கி வினா எழுப்பும் வேறொரு மரபைக் காட்டுகின்றன. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இரண்டாம் மரபுக்குச் சட்ட வடிவம் அளித்தன.

மாட்டுப்பட்டி முதலிய மலைத்தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர், பாலக்காட்டு நீதிபதி, வேலூர்ச் சிறைச்சுவரைத் துளைத்த போராளி ஆகியோரை ஒரே வரலாற்றில் வைத்துக் காண்பதற்கு இந்நோக்கு துணைபுரிகிறது. கேரள எல்லைத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர், தோட்டக் கணக்கேடுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் காப்பியங்களோடு இணைத்துப் பயில்வது பயன்தரும். கைவிலங்கு பூட்டப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கான காரணம் எழுதப்பட்டதா என்று வினவும் கடமை, நடுவருக்கு மட்டுமன்றி அதனைக் காணும் குடிமக்களுக்கும் உண்டு.